கொன்றதும் கலைத்ததும்

அலாஸ்கா, ஹவாய் நீங்கலான 48 அமெரிக்க மாநிலங்களில் 1963இல் கணக்கில் வந்த வெண்தலைக் கழுகு இணைகள் 417. அந்நாட்டு மீன், வனவுயிர்த் துறை 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டில் கூடுகட்டும் இணைகள் 71,400. குஞ்சு பொரிக்கும் வயதை எட்டாதவற்றையும் சேர்த்தால் 3,16,700 பறவைகள். 1972இல் டிடிடி பூச்சிக்கொல்லி தடையானதும், 2007இல் இப்பறவை அழிநிலைப் பட்டியலிலிருந்து நீங்கியதும் பாடநூல் வரை வந்துவிட்ட கதை. (வான்வழிக் கணக்கெடுப்போடு ஈபேர்ட் என்னும் பறவைப் பதிவுத் தளத்தில் பொதுமக்கள் இட்ட பட்டியல்களையும் சேர்த்துத்தான் அந்த மதிப்பீட்டுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பறவை நோக்கர்களை ஏளனமாகப் பார்க்கும் நம்மவர் சிலர் கவனிக்கட்டும்.)

பாடநூலில் இல்லாத பின்கதை நீர்ப்பறவைகளுடையது. மீன்தான் இக்கழுகின் முதல் தேர்வு. ஆனாலும் நாமக்கோழி, வாத்து, நாரைக் குஞ்சு, நீர்க்காகம், கடற்காகம் என எது எளிதில் அகப்படுகிறதோ அதை எடுக்கும். அலூசியன் தீவுகளில் கடல் நீர்நாய்கள் அருகி, அவற்றோடு கெல்ப் என்னும் கடற்பாசிக் காடுகளும் அவற்றில் வாழ்ந்த மீன்களும் குறைந்தபோது, கழுகுகளின் உணவில் கடற்பறவைகளின் பங்கு ஏறியது. இதில் வியப்பில்லை. எத்தனை பறவை கொல்லப்பட்டது என்று மட்டும் எண்ணிவிட்டு, சேதம் அவ்வளவுதான் என்று நாம் முடித்துக்கொள்வதுதான் சிக்கல்.

வாஷிங்டன் மாநிலக் கடலோரம், கேப் ஃபிளாட்டரி முனைக்கு அப்பால் டாட்டூஷ் தீவு. அங்கே மர் எனப்படும் கறுப்பு வெள்ளைக் கடற்பறவைகள் தோளோடு தோள் உரச நின்று அடைகாக்கும். கூடு என்று எதுவும் கிடையாது. இணைக்கு ஒரே முட்டை, வெறும் பாறையில், அடைகாக்கும் பறவையின் கால்களுக்கு மேல். கழுகு தலைக்கு மேலே வந்ததும் பறவைகள் கூட்டமாகக் கடலை நோக்கிப் பாய்கின்றன. அந்த அவசரத்தில் சில முட்டைகள் உருண்டு விழுகின்றன. மீந்தவை திறந்த பாறையில் கிடக்கின்றன. காத்திருந்த கடற்காகங்களும் காகங்களும் இறங்கி ஒவ்வொன்றாகக் கொத்திப் போகின்றன. கழுகு ஒன்றையும் பிடிக்காமலே திரும்பியிருக்கலாம். ஆனால் அன்றைய இழப்புக்குக் காரணம் அதுதான். ஜூலியா பாரிஷும் அவர் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வின் சாரமே இந்த நேரடி, மறைமுக விளைவுகளின் பிரிப்புதான். ஒரேகானின் யக்வினா முனையிலும் பின்னாளில் இதே காட்சி. கழுகு கலைத்த பாறைக்குக் கடற்காகங்கள் வந்தன. சில ஆண்டுகளில் பழுப்புக் கூழைக்கடாக்களும் வந்தன.

பால்டிக் கடலின் ஸ்டோரா கார்ல்சோ தீவு இதை வேறொரு வழியில் காட்டியது. அங்கே இருப்பது உறவினமான வெண்வால் கடற்கழுகு. இரை அதே மர். 2020 பெருந்தொற்றுக் காலத்தில் சுற்றுலாப் பயணிகள் வரவில்லை. பறவைகள் நிம்மதியாகக் குஞ்சு பொரிக்கும் என்றுதான் நம்மில் யாரும் ஊகித்திருப்போம். நடந்தது வேறு. ஆளரவம் இல்லாத தீவில் கழுகுகளின் நடமாட்டம் ஏழு மடங்கானது. பாறை விளிம்புகள் மீண்டும் மீண்டும் காலியாயின. இனப்பெருக்க வெற்றி நீண்டகாலச் சராசரியைவிட 26 விழுக்காடு சரிந்தது. தொல்லை என்று நாம் கணக்கெழுதும் மனிதர்களே அத்தனை ஆண்டும் வேலியாக இருந்திருக்கிறார்கள். சரணாலயங்களில் பார்வையாளர் வரம்பைத் திட்டமிடுவோர் மேசையில் இந்த ஆய்வு இருக்க வேண்டும். பயணிகளைக் கூட்டிவாருங்கள் என்று சொல்வதற்காக அல்ல, யாரை விலக்கினால் யார் உள்ளே வருவார் என்று முன்கூட்டியே கேட்பதற்காக.

சரி, கடற்பறவைகளின் இந்தக் குறைவு சரிவா, பழைய நிலைக்குத் திரும்புதலா? இந்தக் கேள்விக்கு ஒரே விடை தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கடற்பறவைக் குடியிருப்புகள் பலவற்றை முறையாக எண்ணத் தொடங்கிய காலம், கழுகுகள் அருகிக் கிடந்த காலம். அந்த எண்ணிக்கையை இயல்பு என்று வைத்துக்கொண்டு இன்றைய குறைவை அழிவு என்பது அவசரம். போதாக்குறைக்கு, டிடிடி சில நீர்ப்பறவைகளின் முட்டை ஓட்டையும் மெலிய வைத்தது; ஆகவே வேட்டையாடியும் இரையும் ஒருசேர மீண்ட இடங்களும் உண்டு. ஆனால் இந்த வாதம் எல்லா இடத்திலும் செல்லாது. பெரிய நீர்க்காகம் அமெரிக்காவில் கூடு கட்டுவது இப்போது மெய்ன் மாநிலத்தின் சில தீவுகளில் மட்டுமே. கழுகு வந்து கலைக்கும் அத்தீவுகளில், எது இயல்பு என்று விவாதித்து முடிப்பதற்குள் அப்பறவை அங்கே இல்லாமல் போகலாம். கழுகைச் சுடுவதோ பிடித்து வேறிடம் விடுவதோ தீர்வென்று நான் நினைக்கவில்லை. ஓரிடம் காலியானால் அடுத்த கழுகு வந்து அமரும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெருநீல நாரைகள் கண்ட வழி இதைவிடக் கூர்மையானது. அவை பல இடங்களில் கழுகுக் கூட்டை ஒட்டியே குடியேறுகின்றன. தன் எல்லையைக் காக்கும் கழுகு இணை பிற கழுகுகளை அண்டவிடாது. அந்த இணை அவ்வப்போது எடுக்கும் குஞ்சுகளை நாரைகள் தரும் வாடகை என்று கொள்ளலாம்.

நீர்ப்பறவைகளைத் தின்னும் இந்த உணவுமுறையால் கழுகுக்கும் இழப்பு உண்டு என்பதை இங்கே தொட்டுவிட்டுப் போகிறேன். ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடியில் ஒட்டி வளரும் சயனோபாக்டீரியா ஒன்று, நீரில் புரோமைடு இருந்தால் நரம்பு நஞ்சை உருவாக்குகிறது. செடியை நாமக்கோழி தின்ன, அதைக் கழுகு தின்ன, இரண்டும் மூளை பழுதாகிச் சாகின்றன. 1990களின் நடுவில் ஆர்கன்சாவில் தொடங்கிய இந்த மர்மச் சாவுகளின் காரணம் 2021இல்தான் உறுதியானது. 2022இல் பறவைக் காய்ச்சலும் நீர்ப்பறவைகளின் வழியே கழுகுக் கூடுகளை எட்டியது.

நம் கடற்கரையில் வெண்தலைக் கழுகின் உறவினமான வெண்வயிற்றுக் கடற்கழுகு இருக்கிறது. நம் நீர்ப்பறவைக் குடியிருப்புகளிலும் தாய் எழுந்த நொடியில் முட்டைக்குக் காகம் காத்திருக்கிறது. பறவைக் குடியிருப்பை ஒட்டி வாழும் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காததன் நியாயம் இதுதான்: பறவையைக் கலைத்தாலே போதும். ஆனால் நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் பாதிக்குமேல் கூடுகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன.

எனவே அடுத்த இதழ் முதல், இனப்பெருக்க வெற்றி குறித்த கட்டுரைகளில் நான்கு தகவல்களைக் கேட்கிறோம்: எத்தனை மணி நேரம் காவல் இருந்தீர்கள், எத்தனை முறை பறவைகள் எழுந்தன, எழுப்பியது எது, முட்டையை எடுத்தது எது. எழுப்பியது கழுகானால் அதன் வயதையும் குறியுங்கள். வெண்தலைக் கழுகின் தலை வெளுக்க ஐந்தாண்டு ஆகும். வெண்வயிற்றுக் கடற்கழுகின் இளம்பறவை பழுப்பாக இருக்கும். தொலைநோக்கியில் இரண்டும் எளிதில் தெரியும். காவல் மணி நேரம் இல்லாத கட்டுரைகளைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவோம்.