எழும்பூரில் தேறியவர்

கோப்புகளோடு எனக்குள்ள பகை இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் புதிதல்ல. உயிரோடிருக்கிறேன் என்று வருடா வருடம் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கும் கூத்தைப் பற்றிப் புலம்பியபோது, "சார், விட்டுத்தள்ளுங்க" என்று எழுதியவர்களே அதிகம். விட்டிருப்பேன். இங்கிலாந்தில் கண் மருத்துவராக இருக்கும் தங்கை மகன் இந்த வாரம் போனில் பேசினான். "மாமா, ஆயிரம் பக்கம் சேர்க்கணும்" என்றான். ரத்தம் கொதித்துவிட்டது.

அங்கே கன்சல்டன்ட் வேலைக்கு, சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். நேர்வழி ஏழாண்டுப் பயிற்சி. அந்த இடம் கிடைக்காமல், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே தேறுகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2023 நவம்பரிலிருந்து அதற்குப் 'போர்ட்ஃபோலியோ' வழி என்று பெயர். செய்த அறுவைகளின் பட்டியல், மூத்தவர்கள் பார்த்து எழுதிய மதிப்பீடுகள், தணிக்கைகள் எல்லாம் வேண்டும். நோயாளியின் பெயரைப் பக்கத்துக்குப் பக்கம் அடித்துவிடவும் வேண்டும். அண்மைய ஆண்டுகளின் வேலைக்குத்தான் எடை. ஊரில் முகாம் முகாமாகப் புரை எடுத்த கணக்கு பழசாகிப்போனது.

காகிதத்தையாவது ராத்திரி உட்கார்ந்து சேர்த்துவிடலாமாம். மாறுகண் குழந்தைகளைப் பார்க்கவும் குளுக்கோமா அறுவை பழகவும் அவனை யாராவது அனுப்ப வேண்டுமே! அன்றைக்கு அவனுடைய நோயாளிகளை வேறொருவர் பார்க்க வேண்டும். மூத்தவர் ஒருவர் நேரம் ஒதுக்கிப் பக்கத்தில் நிற்க வேண்டும். சில ஆஸ்பத்திரிகள் இதற்கென்றே சுழற்சி முறை வைத்திருக்கின்றன. மற்ற இடங்களில் அவரவர் சாமர்த்தியம்.

இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். குளுக்கோமா என்றதும் எலியட் வந்துவிட்டார்.

பெசன்ட் நகர் கடற்கரைக்காரர் வேறு. இவர் ராபர்ட் ஹென்றி எலியட். இந்திய மருத்துவ சேவைக்காரர். 1904 முதல் 1914 வரை எழும்பூர் கண் ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளர். கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை பறிபோகும் நோய்க்கு, கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓரத்தில் வட்டமாகத் துளையிட்டு நீரை வடியவிடும் முறையை இங்கே செய்து செய்தே தேறினார். சென்னைக் கண்களில் பழகியதை அப்புறம் ஐரோப்பா கற்றுக்கொண்டது.

அவர் 1917இல் வெளியிட்ட புத்தகம் ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வீட்டில் எழுந்து போய்விடுவார்கள். ஊர் ஊராகச் சுற்றி, புரையை ஊசியால் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிடும் வைத்தியர்களைப் பற்றியது. சுஸ்ருத சம்ஹிதை காலத்து முறை. தள்ளியதுமே வெளிச்சம் தெரியும். விரலைக் காட்டி எண்ணச் சொல்வார்கள், சொந்தக்காரர்கள் கும்பிடுவார்கள். காசை வாங்கிக்கொண்டு, கட்டைப் போட்டுவிட்டு அடுத்த ஊர். பிறகு கண் சீழ் பிடிக்கும், அல்லது அழுத்தம் ஏறும். அப்படிக் கெட்ட கண்கள் எழும்பூருக்கு வந்தன. எலியட் அவற்றைக் கணக்கெடுத்தார். எடுக்க வேண்டிவந்த கண்களை அறுத்துப் பார்த்தார். ஊசி போட்டவருக்கோ தன் கை தவறியது கடைசிவரை தெரியாது. பார்வை வந்த ஊர்களைத்தான் அவர் நினைவில் வைத்திருப்பார்.

தங்கை மகன் சேர்க்கும் காகிதக் கட்டில், தொடர்ச்சியாகச் செய்த 50 புரை அறுவைகளின் முடிவுகளும் உண்டு. தொடர்ச்சியாக என்றால், நல்லதாகப் பார்த்துப் பொறுக்க முடியாது. அந்தப் பக்கங்களை நான் திட்ட மாட்டேன். எலியட் இருந்தாலும் கேட்டிருப்பார். மிச்சப் பக்கங்களில் பாதி, மூத்தவர் ஒருவர் அறுவை அரங்கில் கூடவே நின்று பார்க்காத குறைக்கு எழுதப்படுபவை.

எலியட்டுக்குக் காகிதத்தைவிடக் கண்ணில்தான் நம்பிக்கை. ஊர் திரும்பிய பின் லண்டனில் மாயவித்தைக்காரர்களின் மேஜிக் சர்க்கிளில் ஒரு குழுவுக்குத் தலைவரானார். இந்தியக் கயிற்று வித்தை சுத்தப் பொய் என்பது அவர் கட்சி. 1934இல் அந்தக் குழு 500 கினி பரிசு அறிவித்தது. விண்ணப்பத்தோடு சான்றிதழ் எதுவும் இணைக்க வேண்டியதில்லை. எங்கள் எதிரில் கயிற்றை மேலே எறி, பையன் ஏறட்டும். பணம் லண்டனிலேயே இருந்துவிட்டது.