தாயகம் திரும்பியோர்: நீலகிரியின் ஓர் ஆவணச்சொல்லும் சிறுகதைத் திறனாய்வும்

இந்தோனேசியாவில் 1965ஆம் ஆண்டுக்குப்பின் சிறைவைக்கப்பட்டோர் விடுதலையான பின்னரும், அவர்தம் அடையாள அட்டையில் 'முன்னாள் அரசியல் கைதி' என்பதைச் சுட்டும் ஈரெழுத்துக் குறி பொறிக்கப்பட்டது. சிறைப்பட்டு மீண்ட மார்த்தின் அலைதா, புத்து ஒக்கா சுகந்தா ஆகியோர் அவ்வாழ்வைச் சிறுகதைப் பொருளாக்கினர். அங்குக் குறி தண்டனையின் நீட்சி. நீலகிரியிலோ நலத்திட்டத்தின் பெயரே குறியாயிற்று. இவ்வேறுபாடு தமிழாய்வின் கவனத்திற்குரியது.

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. வந்தோருள் ஒரு பகுதியினருக்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதுவே பின்னர் டான்டீ கழகமாயிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில் அவர்கள் குடியமர்ந்தனர்.

ஆவணங்கள் அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்றன. இலங்கையிலேயே பிறந்து, இராமேசுவரத்தில் இறங்கும்வரை இந்திய மண்ணைக் கண்டிராதவர் எங்ஙனம் 'திரும்பியவர்' ஆவார்? அக்கரையில் 'இந்தியத் தமிழர்', 'தோட்டக்காட்டான்', இக்கரையில் 'சிலோன்காரர்'. அட்டை தந்த உரிமையைப் பெற அப்பெயரை ஏற்கவேண்டும். ஏற்றபின் அண்டை ஊராரின் நாவிலும் அதுவே நிலைத்தது. குற்றமேதும் புரியாதார்மீது படிந்த இக்களங்கம் நுட்பமானது. நன்மையின் வடிவில் வந்ததால் எதிர்ப்பதும் அரிதாயிற்று.

இலக்கிய வரலாறு இவர்களைப் பாதிவழியிலேயே விட்டுவிடுகிறது எனல் மிகையன்று. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குத் தமிழ்ச் சிறுகதையில் இடமளித்தது. தெளிவத்தை ஜோசப்பின் தொகுப்பு 'நாமிருக்கும் நாடே' என்னும் தலைப்பிலேயே உரிமைக் குரலை வைத்தது. ஆயினும் இத்தகு படைப்புகளை 'மலையக இலக்கியம்' என வகுத்து, அவ்வகையின் எல்லையைத் தலைமன்னாரோடு நிறுத்துவது பாடத்திட்ட வசதியேயன்றி ஆய்வுநெறி ஆகாது. கதைமாந்தர் கப்பலேறியதோடு கதை முடிந்துவிடுவதில்லை.

நீலகிரிக் களத்தை அணுகும் ஆய்வாளர் துயரச் சித்திரிப்புகளைத் தொகுப்பதோடு அமைதல் போதாது. துயரம் எளிதில் கிட்டும். யார் யாரைச் 'சிலோன்காரர்' என விளிக்கின்றனர், அதே சொல்லைத் தம்மவரிடையே அவர்கள் எத்தொனியில் ஆள்கின்றனர், பிறப்பிடம் கேட்கப்படும் அலுவலகக் காட்சியில் உரையாடல் எங்கு முறிகின்றது என்பனவே நோக்கற்பாலன. ஓய்வுபெற்றதும் தோட்டக் குடியிருப்பைக் காலிசெய்யவேண்டிய தொழிலாளிக்கு அரைநூற்றாண்டின் பின்னும் 'திரும்பிச்' செல்ல ஓர் ஊரில்லை. அவர் வாய்மொழியைப் பதிவுசெய்யும் பணி கோத்தகிரியிலும் கூடலூரிலும் காத்திருக்கிறது. முதல் தலைமுறையினர் முதுமையுற்றுவிட்டனர்.