படகுத்துறையை நெருங்கும் கடைசிப் பத்து மீட்டர்

கே.கே. நகர், அசோக் நகர் பகுதிகளிலிருந்து விடுமுறை நாள்களில் முட்டுக்காடு படகுக் குழாமுக்குச் செல்லும் குடும்பங்கள் பல. படகில் ஏறுமுன் நாம் கேட்பவை இரண்டே: எத்தனை பேர் ஏறலாம்? கட்டணம் எவ்வளவு? மெதுவாகச் செல்லும்போது படகு ஓட்டுநரின் சொற்படி திரும்புமா என்று எவரும் கேட்பதில்லை.

2009 செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2023 மே 7-ஆம் நாள் கேரளத்தின் தானூரில் 22 பேர் இறந்தனர். இத்தகைய துயரங்களுக்குப் பின், எளிதில் சாயாத இரட்டை மிதவைப் படகுகளே பாதுகாப்பானவை என்ற எண்ணம் வலுப்பெறுவது இயல்பு. ஆனால், நிலைத்தன்மை வேறு, கட்டுப்பாடு வேறு.

மிதவைப் படகின் அடிப்பாகம் நீரில் ஆழமாக இறங்குவதில்லை. மேலே கூரையும் தடுப்புகளும் உயர்ந்து நிற்கும். எனவே, பக்கவாட்டுக் காற்று அணியத்தை எளிதில் தள்ளிவிடும். அமரத்தில் பொருத்தப்படும் வெளிமோட்டாருக்குப் பெரும்பாலும் தனிச் சுக்கான் கிடையாது; உந்துவிசிறி தள்ளும் நீரின் திசையே படகைத் திருப்புகிறது. கரையை நெருங்குகையில் வேகத்தைக் குறைத்தால், திருப்பும் ஆற்றலும் உடன் குறைகிறது. கட்டுப்பாடு மிகவும் தேவைப்படும் கடைசிப் பத்து மீட்டரில்தான் அது மிகக் குறைவாக இருக்கிறது. கடல் முகத்துவாரத்தை ஒட்டிய முட்டுக்காட்டில் பிற்பகல் கடற்காற்றும் ஏற்றவற்றமும் இதை மேலும் கடினமாக்கும்.

தீர்வுகள் புதியவை அல்ல. இரு மிதவைகளிலும் ஒவ்வோர் இயந்திரம் இருந்தால், ஒன்றை முன்னோக்கியும் மற்றொன்றைப் பின்னோக்கியும் இயக்கி, நின்ற இடத்திலேயே படகைத் திருப்பலாம். அணியத்தில் சிறு பக்கவாட்டு உந்தியைப் பொருத்தலாம். குறைந்த வேகத்தில் நீரை நன்கு பற்றும் நான்கு இதழ் விசிறியைத் தேர்ந்தெடுக்கலாம். செலவே இல்லாத வழியும் உண்டு: முதலில் சக்கரத்தைத் திருப்பி, பின்னர் இயந்திரத்தைச் சிறிது சிறிதாக முடுக்குவது, இயன்றவரை காற்றை எதிர்கொண்டு துறையை அணுகுவது, சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் இடையிலான இணைப்பில் தளர்வு ஏற்படாமல் பராமரிப்பது.

பிறகு ஏன் இவை முதன்மை பெறுவதில்லை? பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதற்கு விடை தருகிறது. வாங்குபவர் கண்டறிய இயலாத தரத்துக்குச் சந்தையில் விலை கிடைப்பதில்லை. விலை கிடைக்காத தரம் மெல்ல மறைகிறது. இருக்கைகளையும் குதிரைத்திறனையும் ஒப்பந்தப்புள்ளியில் எண்களாக எழுதிவிடலாம். மெதுவேகக் கட்டுப்பாட்டை எழுத வேண்டுமானால், அதை அளக்க வேண்டும்.

அளப்பது கடினமன்று. முழு எடையுடன், பக்கக் காற்றில், குறித்த இடத்தில் படகைத் துறை சேர்க்கச் சொல்லலாம். எவ்வளவு இடத்துக்குள் அது முழுவட்டம் அடிக்கிறது, எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று பதியலாம். 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோவில் இரட்டை உடல் மின்படகுகள் மிதக்கும் துறைகளில் மீண்டும் மீண்டும் அணைகின்றன. அன்றாடப் போக்குவரத்தில் துறை சேரும் திறனே சேவையின் உயிர்நாடி. சுற்றுலாப் படகுக்கும் அதே அளவுகோல் பொருந்தும். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம், பதிவுக்கும் ஆய்வுக்கும் வழிவகுத்துள்ளது. இச்சோதனையையும் ஆய்வின் ஓர் அங்கமாக்குவது அரசின் கையில் உள்ளது.

இது உல்லாசப் பயணத்தோடு முடியும் செய்தியன்று. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கரையோரக் குடியிருப்புகளைச் சூழ்ந்தபோது, சென்னையின் தெருக்களில் மீட்புப் படகுகள் ஓடின. மதில்களுக்கும் மின்கம்பங்களுக்கும் இடையே, முதியோரையும் குழந்தைகளையும் ஏற்றிச் செல்லும் படகுக்கு வேகத்தால் பயனில்லை. அடுத்த வெள்ளத்துக்கு முன் படகு வாங்குவோர், அது எவ்வளவு விரைவாக ஓடும் என்பதோடு, எவ்வளவு மெதுவாகச் செல்லும்போதும் கட்டுப்படும் என்பதையும் கேட்டறிய வேண்டும்.