ஆரிட்டைக் கேக்க வேணும்?

மோர்டென்ஸ்ருட்டுக்குக் குடிவந்த எம்மவர் பலர் வீடு, கடை, ரயில் நிலையம் என்றே நாட்களைக் கழிக்கிறோம். பின்னால் தொடங்கும் காட்டை யன்னலால் பார்ப்பதோடு சரி. "அது ஆற்ரை காணியோ?" என்ற தயக்கம்தான். நுவரெலியாவில் ஆங்கிலேயர் காலத்துக் கொல்ப் திடலை வீதியில் நின்று எட்டிப் பார்த்தவர்கள் அல்லவா நாம்!

சென்ற ஞாயிறு பிள்ளைகளோடு குரோன்மோ பக்கம் நடந்தோம். 1969 முதல் 2007 வரை ஒஸ்லோவின் குப்பை கொட்டப்பட்ட இடம் அது. காடும் பாறையும் மேடுபள்ளமுமான அப்பகுதியில் கொல்ப் திடலும் அமைத்தார்கள்.

"அப்பா, இதுக்குள்ள போக ஆரிட்டைக் கேக்க வேணும்?" என்றான் மகன். காட்டுப் பாதையில் நடக்க ஒருவரிடமும் கேட்க வேண்டியதில்லை. காணி எவருடையதாயினும் காட்டுவெளியில் எவரும் நடக்கலாம் என்கிறது 1957ஆம் ஆண்டுச் சட்டம். காட்டில் புளூபெரியும் பறிக்கலாம்.

சில கட்டுப்பாடுகளும் உண்டு. வீட்டு வளவு, பயிர் நிலம் ஆகியவற்றுள் நுழையலாகாது. எந்தக் கொல்ப் திடலிலும் ஆட்டம் நடக்கையில் புல்வெளியில் இறங்காதீர்கள். "ஃபோர்!" என்று சத்தம் கேட்டால் பந்து வருகிறது, தலையை மூடிக் குனியுங்கள். ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டில் நெருப்பு மூட்டக்கூடாது.

சந்திக்குச் சந்தி அடையாள அட்டை நீட்டி நடந்தவர்கள் நாம். இங்கே எம்மை மறித்து எவரும் ஒன்றும் கேட்கவில்லை. எதிரே வந்த முதியவர் "ஹை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வரும் ஞாயிறு நீங்களும் சப்பாத்தைக் கட்டுங்கள்.