சதுப்பும் ஏழையும்

இயற்கைப் பாதுகாப்பு வயிறு நிறைந்தவர்களின் விநோதமே என்றும், வீடற்ற ஏழைகள் மலிந்த சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பறவைகளுக்கென்று விட்டுவைப்பது அநியாயம் என்றும் வாதிக்கும் கனவான்கள், ஏழையின் பெயரால் பேசுகிறார்களே ஒழிய, இதுவரை அச்சதுப்பை விழுங்கியவர்கள் யார் என்ற சரித்திரத்தைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். அங்கே எழும்பியவை குடிசைகளா? கணிப்பொறி நிறுவனங்களின் மாளிகைகளும், விலையுயர்ந்த அடுக்குமாடிகளும், சர்க்கார் ஸ்தாபனங்களுமே எழும்பின. பெருங்குடிப் பக்கத்திலோ மாநகரத்தின் குப்பை மலையாகக் குவிந்தது.

சுற்றுப்புறத்து ஏரிகளிலிருந்து வழியும் மழைநீர் இச்சதுப்பில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது என்ற பூகோளத்தை நாம் மறந்தாலும் தண்ணீர் மறப்பதில்லை என்பதை 2015-ஆம் ஆண்டு வெள்ளம் சதுப்பை அடுத்த வேளச்சேரிக்கு உணர்த்தியது. அன்று மேல்மாடிக்காரர் மொட்டை மாடிக்கு ஏறினார். தரைக்குடித்தனக்காரர் ஏறுவதற்கு மாடி ஏது?

2007-இல் சதுப்பின் ஒரு பகுதி காப்புக்காடானதையும், 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அந்தஸ்து கிடைத்ததையும் பறவைப் பிரியர்களின் ஆடம்பரம் என்று பரிகசிப்பவர்கள், ஏழைகளுக்கும் இப்பிரதேசத்தில் வீடு கொடுத்தோமே என்று செம்மஞ்சேரியையும் பெரும்பாக்கத்தையும் சுட்டிக்காட்டக்கூடும். உண்மைதான், கொடுத்தார்கள். நகரத்தின் மத்தியில், தொழிலுக்குப் பக்கத்தில் வசித்தவர்களைப் பெயர்த்தெடுத்து, பெருமழை பெய்தால் வெள்ளம் சூழும் தாழ்வான பூமியில் குடியமர்த்திய அந்த உபகாரத்தை, சதுப்பைத் தூர்ப்பதற்குச் சாதகமான அத்தாட்சியாகக் காட்டுவதற்கு அசாத்தியமான துணிச்சல் வேண்டும்.