கீறலும் கோபமும்

காரில் கீறல் விழுந்தால் முதலில் செய்ய வேண்டியது சண்டை பிடிப்பதல்ல. அதனை நகத்தால் தடவிப் பார்ப்பது. இதனைச் சற்று வெட்கத்துடனேயே எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்னர், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், முச்சக்கரவண்டி ஒன்று எனது காரின் கதவை உரசிச் சென்றது. வெள்ளி நிறக் கதவில் இரண்டு சாண் நீளத்துக்குச் சிவப்புக் கோடு. "ஐயா, கவனிக்கேல்லை, மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றார் சாரதியான இளைஞர். நான் மன்னிக்கவில்லை. அவரது சட்டைப்பையில் இருந்த அன்றைய உழைப்பு முழுவதையும் வாங்கிக்கொண்டுதான் வழிவிட்டேன்.

மறுநாள் கராஜ் ஒன்றில், கதவு முழுவதற்கும் பெயின்ற் அடிக்க வேண்டும் என்றார்கள். எங்கள் ஒழுங்கையில் வசிக்கும், ஓய்வுபெற்ற பெயின்ற் பாஸ் ஒருவர் மட்டும் கோட்டின் குறுக்கே நகத்தை ஓடவிட்டுப் பார்த்தார். "நகம் சிக்கேல்லையே தம்பி, இதுக்கு ஏன் கராஜ்?" என்றார்.

இன்றைய கார்களில் பெரும்பாலும் உலோகத்தின் மேல் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், அதற்கும் மேல் கண்ணாடி போன்ற தெளிபூச்சு என அடுக்குகள் உண்டு. தெளிபூச்சின் தடிப்பு ஏறக்குறைய 0.05 மில்லிமீற்றர்தான். நகம் சிக்காத கீறல் பொதுவாக அதற்குள்ளேயே நின்றுவிடுகிறது. எனது கதவில் இருந்த சிவப்போ, முச்சக்கரவண்டியின் பெயின்ற் வந்து ஒட்டியது.

வேலை எளிது. முதலில் நன்கு கழுவ வேண்டும். மணல் ஒட்டியிருக்கத் தேய்த்தால் புதிய கீறல்கள் விழும். பின்னர் நிழலில், உலோகம் குளிர்ந்திருக்கும்போது, மென்மையான துணியில் சிறிதளவு ரப்பிங் கொம்பவுண்ட் எடுத்து மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, இறுதியில் மெழுகு பூச வேண்டும். தெளிபூச்சுள்ள காரில், துணியில் காரின் நிறமே ஒட்டத் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். அந்தப் பூச்சு தேய்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். அரைமணி நேரத்தில் எனது சிவப்புக் கோடு மறைந்தது.

நகம் சிக்கினால் கதை வேறு. கதவு நிலையிலோ இயந்திரப் பகுதியிலோ உள்ள தகட்டில் நிறக் குறியீடு இருக்கும். அதற்குரிய பெயின்றை நுண்ணிய தூரிகையால் மெல்லிய பூச்சுகளாக இட்டு, ஒவ்வொன்றையும் உலரவிட வேண்டும். உலோகம் தெரிந்தால் தாமதிக்கக்கூடாது. கடற்காற்றில் கறள் விரைந்து பிடிக்கும். கறளை நீக்காமல் அதன்மேல் பெயின்ற் பூசுவது நோயை மூடிவைப்பதே. கடினமாக்கி கலந்து விசிறும் பெயின்றை வீட்டில் தொடவே வேண்டாம்; அதிலுள்ள ஐசோசயனேற் நுரையீரலைக் கெடுக்கும். அது பாதுகாப்புக் கவசமுள்ள தொழிலாளியின் வேலை.

எங்கள் நாட்டில் காரின் மீதுள்ள பதற்றம் விளங்கக்கூடியதே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பழைய காரே சொத்தாகிவிட்ட காலத்தில், அதில் விழும் கோடு நெஞ்சில் விழுந்ததுபோலத்தான் இருக்கும். ஆனால் கோடு எவ்வளவு ஆழம் என்று பார்க்காமலே நாம் நட்டஈட்டைத் தீர்மானித்துவிடுகிறோம். பெரும்பாலும் அதனைக் கொடுப்பவர் எம்மைவிட வசதி குறைந்தவராகவே இருக்கிறார்.

அந்த இளைஞரைத் தேடி அருகிலுள்ள முச்சக்கரவண்டித் தரிப்பிடத்துக்கு இருமுறை சென்றேன். அவரைக் காணவில்லை. அவரிடம் வாங்கிய பணம் ஓர் உறையில், காரின் முன்பெட்டியிலேயே இருக்கிறது. கொம்பவுண்ட் செலவைக்கூட அதிலிருந்து நான் கழிக்கவில்லை.