கண்டதும் நினைத்ததும்



சில காலத்துக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. எங்கள் தொடர்மாடியில் கீழ்வீட்டுக்காரர் தடியால் தங்கள் முகட்டில் தட்டும் அளவுக்குச் சத்தம்.

சங்கதி இதுதான். 15 வயது மகன் இரண்டு கிழமையாகப் பாடசாலையிலிருந்து பிந்தி வந்தான். அன்று அவனுடைய ஜக்கற்றில் சிகரட் மணம் வேறு. "கூடாத கூட்டத்தோடை சேர்ந்திட்டாய்" என்றேன். "பஸ்ஸுக்கு நிண்டனான் அப்பா, பக்கத்திலை நிண்டவை பத்தினவை" என்றான். "விதண்டாவாதம் கதையாதை!" என்று கத்தினேன். பிறகு அவனுடைய தலைமயிர், புள்ளிகள், ரெலிபோன் பில் எல்லாவற்றையும் இழுத்தேன். "உனக்காகத்தானே நாட்டை விட்டு வந்தனாங்கள்" என்றதும், "நான் கேட்டு வரேல்லை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். இரண்டு நாள் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை.

மனைவி கோப்பை கழுவியபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இஞ்சருங்கோ, நீங்கள் கண்டது என்ன, நினைச்சது என்ன?"

கண்டது, பிந்தி வந்ததும் மணமும். மற்றதெல்லாம் நான் நினைத்தது.

விதண்டாவாதம் என்று நாம் இலேசாகச் சொல்லுகிறோம். பழைய தருக்க நூலாகிய நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறிவதற்காகப் பேசுவது வாதம். எப்படியாவது வெல்லப் பேசுவது சற்பம். தனக்கென ஒரு கட்சியும் இல்லாமல் மற்றவர் சொல்வதை உடைப்பதற்காகவே பேசுவது விதண்டை. அன்று தொடக்கத்தில் எனக்கு ஒரு கட்சி இருந்தது. கால் மணித்தியாலத்தின் பின் அதுவும் இல்லை. அவன் எதைச் சொன்னாலும் உடைக்கவேண்டும் என்பது மட்டுமே மிஞ்சியது. விதண்டாவாதம் பேசியவன் மகனல்ல, நான்தான்.

தருக்கம் நமக்குப் புதியதல்ல. மணிமேகலைக் காப்பியத்தின் 29 ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அதைக் கற்பிக்கிறார். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையில் காண்பதுபோல. இது சரியான அனுமானம். ஆனால் தெரிவது புகையோ, ஆவியோ, பனியோ என்ற ஐயம் தீராமல் நெருப்பு உண்டென்று துணிவது குற்றம் என்கிறார். ரொறன்ரோவில் எங்கள் முதற் குளிர்காலத்தில் கூரைகளிலிருந்து எழுந்த ஆவியைக் கண்டு, தீப்பிடித்துவிட்டது என்று நானே பதறியிருக்கிறேன்.

சிகரட் மணமும் அப்படித்தான். பத்தியவன் உடுப்பிலும் வரும், பக்கத்தில் நின்றவன் உடுப்பிலும் வரும். இரண்டுக்கும் பொருந்தும் காரணம் ஒன்றையும் நிறுவாது.

அப்படியானால் நான் ஏன் கத்தினேன்? ஊரில் என் சொல்லுக்கு நாலுபேர் மத்தியில் மதிப்பிருந்தது. இங்கே வங்கியிலும் வைத்தியரிடமும் எனக்காகக் கதைப்பவன் மகன். நான் வெல்லக்கூடிய இடம் வீடு ஒன்றுதான் என்றாகிவிட்டது. அதற்கும் அடியில் ஒரு பயம். போரிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த பிள்ளையை இங்கே தொலைத்துவிடுவேனோ என்ற பயம். நம் வீடுகளில் நடக்கும் பல வாக்குவாதங்களின் வேர் இதுவென்று நினைக்கிறேன். பயம் உண்மையானது. ஆனால் பயம் சாட்சியாகாது.

மூன்றாம் நாள் அவனுடைய அறைக் கதவைத் தட்டினேன். "ஏன் தம்பி பிந்தி வாறாய்?" என்று கேட்டுவிட்டு, அவன் முடிக்கும்வரை வாய் திறக்கவில்லை. பாடசாலை முடிந்தபின் ஓர் ஆசிரியை அவனுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறாராம். "ஏன் சொல்லேல்லை?" என்றேன். "ஊரிலை எல்லாருக்கும் நான் கெட்டிக்காரன் எண்டு சொல்லுறனீங்கள்" என்றான்.

அவன் உண்மையில் சிகரட் பத்தியிருந்தாலும், என் கத்தலால் அது எனக்குத் தெரியவந்திராது. கேள்வியால்தான் தெரிந்திருக்கும்.

ஆகவே புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்கு என் வேண்டுகோள் சிறியது. பேசத் தொடங்குமுன் கண்டதையும் நினைத்ததையும் வேறுவேறாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு சங்கதியை மட்டும் கதையுங்கள். பழைய கணக்குகளை எடுக்கவேண்டாம். பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் வாய்காட்டுகிறான் என்று எண்ணாதீர்கள். காரணம் சொல், காரணம் கேள் என்றுதான் இங்குள்ள வகுப்பறைகளில் பழக்குகிறார்கள். பிழை நம்முடையது என்று தெரிந்தால் அதையும் வாயால் சொல்லுங்கள். நான் சொன்னேன். சொல்லி முடிக்கச் சரியாகக் கஷ்டப்பட்டேன். அவன் சிரித்துவிட்டு, "சாப்பிட்டீங்களோ அப்பா?" என்று கேட்டான்.

உங்கள் வீட்டு வாக்குவாதங்களைப் பற்றியும் எழுதுங்கள். பெயர் போடமாட்டோம்.

மீண்டும் அடுத்த இதழில்.